பழைய வாகனத்துக்கு மின்னணு இக்னிஷன்: ஸ்பார்க் பிளக் இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும்?

பழைய புல்லட், ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களிலும் அம்பாசிடர், பத்மினி கார்களிலும் உள்ள கான்டாக்ட் பாயின்ட்டை நீக்கிவிட்டு, சந்தையில் தனியாக விற்கப்படும் மின்னணு இக்னிஷன் கிட்டைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் நாடெங்கும் உள்ளது. பாயின்ட்டை அடிக்கடி கழற்றித் தேய்த்துச் சரிசெய்யும் வேலை இதனால் மிச்சமாகிறது. ஆனால், கிட்டைப் பொருத்திய கையோடு ஒரு கேள்வியும் எழுகிறது. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைப் பழைய அளவிலேயே விடுவதா, கூட்டுவதா?

"புதிய கிட்டில் தீப்பொறி வலுவாக வரும்; இடைவெளியைத் தாராளமாகத் திறந்து வைக்கலாம்" என்பது பட்டறைகளில் பரவலாகக் கிடைக்கும் பதில். அது பாதி உண்மை மட்டுமே. அந்தப் பாதியை நம்பி இடைவெளியை அளவுக்கு மீறித் திறந்தவர்களின் வண்டிகள் வீட்டு வாசலில் சீராக ஓடும். மலைப்பாதை ஏற்றத்திலோ, லாரியை முந்தும்போதோ திணறும். சில வேளைகளில் காயிலே எரிந்து, இரவு நேர நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்திவிடும்.

சுருக்கமான பதில் இது: வாகனத்தின் கையேட்டில் குறிப்பிட்ட அளவிலிருந்தே தொடங்க வேண்டும். கிட்டுடன் உயர் ஆற்றல் காயிலும் சேர்த்துப் பொருத்தப்பட்டிருந்து, அதைத் தயாரித்த நிறுவனமும் அனுமதித்திருந்தால் மட்டும், 0.1 மில்லிமீட்டர் அளவிலான படிகளாகக் கூட்டிப் பார்க்கலாம். பாயின்ட்டுக்குப் பதிலாக ஒரு மின்னணுச் சுவிட்சு மட்டும் வந்து, காயில் பழையதாகவே இருந்தால், இடைவெளியைக் கூட்டுவதற்குப் பெரும்பாலும் காரணமே இல்லை.

காயிலின் வோல்ட்டும் பிளக்கின் வோல்ட்டும்

இக்னிஷன் கிட்டுகளின் அட்டைப் பெட்டிகளில் 30,000 வோல்ட், 40,000 வோல்ட் என்று அச்சிடப்பட்டிருக்கும். அத்தனை வோல்ட்டும் ஒவ்வொரு தீப்பொறியிலும் பிளக்கின் முனையில் பாய்வதாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு நிகழ்வதில்லை.

காயிலின் உயர் அழுத்தச் சுற்றில் மின்னழுத்தம் சுழியத்திலிருந்து ஏறத் தொடங்குகிறது. பிளக்கின் இரு முனைகளுக்கு இடையில் உள்ள வாயு எந்த அழுத்தத்தில் உடைந்து மின்சாரத்தைக் கடத்துகிறதோ, அந்தக் கணத்தில் ஏற்றம் நின்றுவிடுகிறது. இடைவெளி 9,000 வோல்ட்டில் உடையுமானால், 40,000 வோல்ட் காயிலும் 9,000 வோல்ட்டையே எட்டும். தீப்பொறி பிறந்தபின் முனைகளுக்கு இடையிலான அழுத்தம் சில நூறு வோல்ட் முதல் ஆயிரம் வோல்ட் வரையிலான அளவுக்கு வீழ்ந்துவிடும். பெட்டியில் அச்சிட்ட எண், தேவைப்பட்டால் காயில் எட்டக்கூடிய உச்ச வரம்பு மட்டுமே. தேவைக்கும் அந்த வரம்புக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் கையிருப்பு. பிளக் இடைவெளியைக் கூட்டும்போது செலவாவது இந்தக் கையிருப்பே.

இடைவெளி உடையத் தேவையான மின்னழுத்தம் எதைப் பொறுத்தது என்பதை ஜெர்மனி இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன் 1889-இல் கண்டறிந்தார். வாயுவின் அழுத்தமும் முனைகளின் இடைவெளியும் பெருக்கி வரும் தொகையே அதைத் தீர்மானிக்கிறது. சாதாரண வெளிக்காற்றில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் அழுத்திய கலவையில் தேவை அதைப் போலப் பல மடங்கு. ஆக்சிலரேட்டரை முழுமையாகத் திருகும்போது சிலிண்டருக்குள் அதிகக் கலவை நிரம்புவதால் அழுத்தம் மேலும் உயர்கிறது. நின்ற இடத்தில் மெல்ல ஓடும்போது குறையே தெரியாத பிளக், சுமையுடன் ஏற்றம் ஏறும்போது மட்டும் மிஸ்ஃபயர் ஆவதற்கு இதுவே காரணம்.

ஒரு தோராயக் கணக்கு இதைத் தெளிவாக்கும். பழைய பாயின்ட் அமைப்பின் காயில் 18,000 வோல்ட் வரை தரக்கூடியது என்றும், 0.6 மி.மீ. இடைவெளிக்கு முழுச் சுமையில் 10,000 வோல்ட் தேவை என்றும் வைத்துக்கொள்வோம். கையிருப்பு 8,000 வோல்ட். இடைவெளியை 0.9 மி.மீ. ஆக்கினால் தேவை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகி 15,000 வோல்ட்டை நெருங்கும். கையிருப்பு 3,000 வோல்ட்டாகச் சுருங்கிவிடும். பிளக் கேப்பில் சிறிது ஈரம், வயரில் ஒரு விரிசல், பாதி இறங்கிய பேட்டரி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தாலும் அந்த மிச்சம் காணாமல் போகும்.

கூட்டுவதில் பயன் இல்லையா?

உண்டு. இடைவெளி அகலமாக இருந்தால் தீப்பொறி நீளமாகிறது; முதலில் பற்றும் தீக்கரு பெரிதாகப் பிறக்கிறது. முனைகள் மிக நெருக்கமாக இருந்தால், பிறந்த தீக்கருவின் வெப்பத்தை உலோகமே உறிஞ்சிவிடும். பெட்ரோல் குறைந்த மெலிந்த கலவையிலும், மெதுவாக ஓடும் நிலையிலும் இந்த வேறுபாடு உணரத்தக்கது. ஐட்லிங் சீராவது, தொடக்க இழுவை மேம்படுவது போன்ற பலன்கள் கிடைப்பது இதனால்தான். ஏற்கெனவே ஒவ்வொரு முறையும் தவறாமல் பற்றிக்கொண்டிருக்கும் இன்ஜினில், இடைவெளியைக் கூட்டுவதால் மைலேஜ் பெரிதாக உயரும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

எதிர்த்திசையில் செல்வதும் தீர்வல்ல. மிகக் குறுகிய இடைவெளியில் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் எளிதில் பாலம் போட்டுவிடும். பெட்ரோலோடு ஆயிலும் எரியும் இரண்டு ஸ்ட்ரோக் ஜாவா, யெஸ்டி வண்டிகளில் இந்தத் தொல்லை மிகுதி.

பாயின்ட் காலத்துக் கையேடுகள் பெரும்பாலும் 0.5 முதல் 0.7 மி.மீ. வரையிலான இடைவெளியைச் சொல்வதன் பின்னணியும் இங்கே விளங்கும். இங்கிலாந்தின் பிஎம்சி பி-வரிசை இன்ஜினுடன் ஓடிய அம்பாசிடருக்கு 0.025 அங்குலம், அதாவது 0.64 மி.மீ. என்பதே அளவு. அது இன்ஜின் விரும்பும் உன்னத அளவன்று. தேய்ந்த பாயின்ட், குளிர்ந்த காலை, சோர்ந்த பேட்டரி ஆகிய மூன்றும் சேர்ந்த மோசமான வேளையிலும் பற்ற வேண்டும் என்று வைத்த பாதுகாப்பான அளவு.

எல்லா இன்ஜினுக்கும் ஒரே பலன் கிடைக்காது

மின்னணு இக்னிஷனின் முதன்மையான பலன்களில் ஒன்று, வேகம் கூடும்போதும் காயிலுக்குப் போதிய மின்னோட்டம் கிடைக்கச் செய்வது. காயிலில் மின்னோட்டம் உடனடியாக நிரம்பாது. சில மில்லி வினாடிகள் ஆகும். சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மின்னோட்டம் 20 சதவீதம் குறைந்தாலே ஆற்றல் 36 சதவீதம் குறைந்துவிடும்.

நிமிடத்துக்கு 4,000 சுற்று என்ற ஒரே வேகத்தில் மூன்று வாகனங்களை ஒப்பிடலாம். நான்கு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர் புல்லட்டில் இரு சுற்றுக்கு ஒரு தீப்பொறி. இரு தீப்பொறிகளுக்கு இடையே 30 மில்லி வினாடி அவகாசம் உண்டு. இரண்டு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர் யெஸ்டியில் சுற்றுக்கு ஒன்று என்பதால் 15 மில்லி வினாடி. நான்கு சிலிண்டர் அம்பாசிடரில் ஒரே காயில் நான்கு பிளக்குகளுக்கும் வேலை செய்வதால் அவகாசம் 7.5 மில்லி வினாடி மட்டுமே. அதிலும் பாயின்ட் மூடியிருக்கும் நேரம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 5 மில்லி வினாடிதான்.

ஆகவே, மின்னணுக் கட்டுப்பாட்டால் கூடுதல் ஆற்றல் பெறுவது முதன்மையாகப் பல சிலிண்டர் கார்களே. புல்லட்டுக்குக் காயில் நிரம்பும் நேரம் ஒருபோதும் பற்றாக்குறையாக இருந்ததில்லை. பாயின்ட் தேயாமை, டைமிங் மாறாமை, உயர் வேகத்தில் பாயின்ட் துள்ளாமை ஆகியவையே அதற்குக் கிடைக்கும் உண்மையான ஆதாயங்கள். காயிலை மாற்றாமல் புல்லட்டில் கிட்டை மட்டும் பொருத்தியவர் பிளக் இடைவெளியையும் கூட்டுவது, வராத வருமானத்தை நம்பிச் செலவு செய்வதற்கு ஒப்பாகும்.

கிட்டுகள் மூன்று வகை

சந்தையில் உள்ளவற்றை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, பாயின்ட்டின் இடத்தில் காந்தமும் உணரியும் அமர்ந்து, டிரான்சிஸ்டர் மூலம் பழைய காயிலையே இயக்குவது. இதில் கையேட்டு இடைவெளியே போதுமானது. காயிலின் முதன்மைச் சுற்று மின்தடை, கிட் தயாரிப்பாளர் கேட்கும் குறைந்தபட்ச ஓம் அளவுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தால் டிரான்சிஸ்டர் சூடேறிக் கெட்டுவிடும்.

இரண்டாவது, குறைந்த மின்தடை கொண்ட உயர் ஆற்றல் காயிலுடன், அது நிரம்பும் நேரத்தையும் கட்டுப்படுத்தும் வகை. இடைவெளியைக் கூட்டுவதற்கு இடமளிப்பது முக்கியமாக இதுவே. 0.6 மி.மீ. வைத்திருந்த இன்ஜினில் 0.7 அல்லது 0.8 மி.மீ. வரை செல்வது இதில் இயல்பு.

மூன்றாவது, சிடிஐ எனப்படும் மின்தேக்கி வகை. சில நூறு வோல்ட்டில் நிரப்பிய மின்தேக்கியை ஒரே வீச்சில் காயிலுக்குள் கொட்டுவது இதன் முறை. மின்னழுத்தம் மிக விரைவாக ஏறுவதால், கரி படிந்த பிளக்கிலும் கசிவுக்கு இடம் தராமல் தீப்பொறி பாய்ந்துவிடும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இது பொருந்திவருவது அதனால்தான். ஆனால், அந்தத் தீப்பொறி நீடிக்கும் நேரம் மிகக் குறைவு. சாதாரணக் காயில் அமைப்பில் அது ஒன்று முதல் இரண்டு மில்லி வினாடி என்றால், எளிய சிடிஐ-யில் அதில் ஒரு சிறு பகுதியே. மேக்னெட்டோவிலிருந்து நேரடியாக மின்சாரம் பெறும் சிடிஐ-யில் இன்னொரு வரம்பும் உண்டு. கிக்கரை மிதிக்கும் குறைந்த வேகத்தில் மேக்னெட்டோ குறைவாகவே மின்சாரம் தரும். இடைவெளியைக் கூட்டிய பிறகு "நாலு மிதியில் எடுத்த வண்டி பத்து மிதியாகிவிட்டது" என்ற புகார் பெரும்பாலும் இதனால் எழுவதே.

அமெரிக்கா கற்ற பாடம்

அகல இடைவெளி ஆசை தனிப்பட்ட வாகனப் பிரியர்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1970-களின் நடுப்பகுதியில் எச்இஐ என்ற உயர் ஆற்றல் மின்னணு இக்னிஷனைத் தன் கார்களில் பரவலாகப் புகுத்தியது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காகக் கலவையை மெலிதாக்க வேண்டியிருந்த காலம் அது. மெலிந்த கலவையைப் பற்றவைக்க, அந்நிறுவனத்தின் ஓல்ட்ஸ்மொபைல் இன்ஜின்கள் சிலவற்றுக்கு 0.080 அங்குலம், அதாவது 2 மி.மீ. இடைவெளி குறிக்கப்பட்டது. அவ்வளவு பெரிய இடைவெளி வயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டர் ஆகிய அனைத்தின் மீதும் கடும் மின்னழுத்தச் சுமையை ஏற்றியது. பின்னர் அந்த அளவு 0.060 அங்குலமாகவும் அதற்குக் கீழேயும் இறக்கப்பட்டது. காயில், வயர், கேப் அனைத்தையும் தானே வடிவமைத்த நிறுவனமே பின்வாங்க நேர்ந்தபோது, முப்பது ஆண்டு பழைய வயரும் பேக்லைட் பிளக் கேப்பும் உள்ள வண்டியில் 1 மி.மீ.-க்கு மேல் முயல்வது நல்ல முடிவாகாது.

மின்னழுத்தத்துக்கு எளிய வழியே தேவை. பிளக்கின் இடைவெளி கடினமானால், அது வயரின் ரப்பரைத் துளைத்து ஃபிரேமுக்குப் பாயும்; கேப்பின் உட்புறத்தில் கரிக்கோடு போட்டு அதன் வழியே இறங்கும்; எதுவும் கிடைக்காவிட்டால் காயிலின் உட்சுற்றுகளுக்கு இடையிலான காப்பையே உடைக்கும். கரிக்கோடு ஒருமுறை விழுந்துவிட்டால் துடைத்துச் சரிசெய்ய முடியாது; பாகத்தை மாற்றியே ஆக வேண்டும்.

இ20 பெட்ரோலும் தவறான நோய் நாடலும்

இன்று பழைய வண்டி உரிமையாளர்கள் இக்னிஷனைச் சந்தேகிக்கும் பல நேரங்களில் உண்மையான காரணம் வேறிடத்தில் உள்ளது. நாட்டில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் அளவு 2025-இல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனாலின் எடையில் ஏறத்தாழ 35 சதவீதம் ஆக்சிஜன். தூய பெட்ரோலின் ஒரு பங்கு முழுமையாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இ20 கலவைக்கு இது சுமார் 13.5. எரிபொருள் தெளிக்கும் அளவைத் தானே திருத்திக்கொள்ளும் புதிய வாகனங்களுக்கு இது சிக்கலில்லை. பெட்ரோலுக்கென ஜெட் அளவு நிர்ணயித்த பழைய கார்புரேட்டரோ, காற்றையும் எரிபொருளையும் அதே விகிதத்தில் தொடர்ந்து கலந்து தரும். விளைவாக இன்ஜினுக்குக் கிடைக்கும் கலவை மெலிந்துபோகிறது.

மெலிந்த கலவை பற்றுவது கடினம். ஆக்சிலரேட்டரைச் சட்டெனத் திருகும்போது தயங்குவது, கார்புரேட்டர் வழியாகத் தும்முவது, அளவுக்கு மீறிச் சூடாவது ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றைத் "தீப்பொறி போதவில்லை" என்று கருதி, கிட் வாங்கி, இடைவெளியையும் கூட்டினால் தயக்கம் சற்றுக் குறையக்கூடும். இன்ஜின் சூடாவது குறையாது. பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மூக்கு இளம் பழுப்பாக இல்லாமல் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால், முதலில் கவனிக்க வேண்டியது மெயின் ஜெட்டும் ஊசியும். பிளக் இடைவெளியின் முறை அதற்குப் பின்னரே. ரப்பர் குழாய், கேஸ்கெட் ஆகியவை எத்தனாலைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி.

அளப்பதும் வைப்பதும்

இடைவெளியை அளக்கத் தட்டையான ஃபீலர் கேஜைவிடக் கம்பி வகைக் கேஜ் நம்பகமானது. பயன்படுத்திய பிளக்கில் பக்க முனையின் அடிப்புறம் குழிந்து தேய்ந்திருக்கும். தட்டைத் தகடு அந்தக் குழியின் விளிம்புகளில் உட்கார்ந்து, உண்மையைவிடக் குறைந்த அளவைக் காட்டும். புதிய பிளக்கும் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சரியான அளவில் இருக்கும் என்ற உறுதியில்லை. கீழே விழுந்த பிளக்கில் இடைவெளி முற்றிலும் மூடியிருப்பதும் உண்டு.

வளைக்க வேண்டியது பக்க முனையை மட்டுமே. நடு முனையை நெம்புகோலின் தாங்குபுள்ளி போலப் பயன்படுத்தினால் பீங்கான் விரிசல் விடும். அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஓட்டத்தில் மட்டும் தொல்லை தரும். மெல்லிய நடு முனையுடைய இரிடியம், பிளாட்டினம் பிளக்குகளில் நாணய வடிவக் கேஜை நுழைத்து நெம்பவே கூடாது.

பக்க முனையை மிக அதிகமாகத் திறந்தால் அது நடு முனைக்கு இணையாக நில்லாமல் சாய்ந்துவிடும். தீப்பொறி ஒரு விளிம்பில் மட்டும் பாயும். அகல இடைவெளி உண்மையிலேயே தேவையானால், அந்த அளவிலேயே தயாரிக்கப்பட்ட பிளக்கை வாங்குவதே முறை. என்ஜிகே நிறுவனக் குறியீட்டின் இறுதியில் கோட்டுக்குப் பின் 9 என்றிருந்தால் 0.9 மி.மீ., 11 என்றிருந்தால் 1.1 மி.மீ. என்று பொருள். குறியீட்டின் நடுவில் உள்ள எண் வெப்பத் தரத்தைச் சொல்வது. இடைவெளிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, இடைவெளி வேண்டும் என்று கேட்டு வெப்பத் தரம் மாறிய பிளக்கை வாங்கிவருவது கடைகளில் அரிதன்று.

குறியீட்டில் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பிளக்கின் உள்ளே மின்தடை உண்டு. பல மின்னணு கிட்டுகளுக்கு மின்தடையுள்ள பிளக் அல்லது 5 கிலோ ஓம் கேப் கட்டாயம். அது இல்லாவிட்டால் தீப்பொறியிலிருந்து எழும் ரேடியோ இரைச்சலில் கிட்டின் சுற்றே குழம்பக்கூடும். பாயின்ட் காலத்து வெற்றுக் கேப்பை அப்படியே விட்டுவிட்டு, கிட் தரமற்றது என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

காயிலின் இணைப்புகள் இடம் மாறாமல் இருப்பதும் முக்கியம். பிளக்கின் நடு முனை எதிர்மின் முனையாக இருக்கும்போது, சூடான அதன் மேற்பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் எளிதாக வெளியேறும். பிளஸ், மைனஸ் மாற்றி இணைத்தாலும் வண்டி ஓடும். ஆனால், தேவைப்படும் மின்னழுத்தம் கணிசமாகக் கூடும். இடைவெளியைக் கூட்டாமலே கையிருப்பைத் தொலைக்கும் வழி இது.

சோதிக்கும் முறை

முதலில் கிட்டைப் பொருத்தி, ஸ்ட்ரோப் விளக்கால் டைமிங்கைச் சரிபார்த்து, கையேட்டு இடைவெளியில் ஓரிரு நூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். கிட், டைமிங், கார்புரேட்டர், இடைவெளி என எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று அறிய முடியாது. அதன்பின் 0.1 மி.மீ. கூட்டி, உயர்ந்த கியரில், குறைந்த வேகத்தில், ஆக்சிலரேட்டரை முழுதும் திறந்து ஓர் ஏற்றத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும். பிளக் அதிக மின்னழுத்தம் கேட்கும் நிலை அதுவே. சிறு வெட்டு உணரப்பட்டாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். இருளில் இன்ஜினை ஓடவிட்டு வயரையும் கேப்பையும் பார்த்தால், நீலநிறக் கசிவு ஏதேனும் இருந்தால் கண்ணில் படும்.

வெட்டு இல்லாத எல்லை 0.9 மி.மீ. என்று கண்டறிந்தால், அங்கேயே வைத்துவிடக் கூடாது. சாதாரண நிக்கல் பிளக்கின் இடைவெளி 1,000 கி.மீ. ஓட்டத்துக்கு ஏறத்தாழ 0.01 மி.மீ. அளவில் தானாகவே விரியும். 10,000 கி.மீ. ஓடினால் 0.1 மி.மீ. கூடிவிடும். இன்று எல்லையில் வைத்த பிளக், அடுத்த சர்வீசுக்குள் எல்லையைத் தாண்டியிருக்கும். கண்டறிந்த எல்லையிலிருந்து 0.1 அல்லது 0.2 மி.மீ. குறைத்து வைப்பதே உகந்தது.

பிளக்கை இன்ஜின் மீது சாய்த்து வைத்து, கிக்கரை மிதித்துத் தீப்பொறியின் நிறம் பார்க்கும் பழைய சோதனை இங்கு அதிகம் உதவாது. வெளிக்காற்றில் பலவீனமான காயிலும் 0.9 மி.மீ. இடைவெளியை எளிதில் தாண்டும். சிலிண்டர் அழுத்தத்தில் அதே காயில் தோற்கும். பல மில்லிமீட்டர் தூரம் திறக்கக்கூடிய தீப்பொறிச் சோதனைக் கருவியே ஓரளவு உண்மையைக் காட்டும்.

அந்தப் பழைய சோதனையில் ஆபத்தும் உண்டு. பிளக் வயரைக் காற்றில் தொங்கவிட்டு இன்ஜினைச் சுழற்றினால், பாய வழியற்ற மின்னழுத்தம் காயிலையோ சிடிஐ பெட்டியையோ உடைத்துவிடும். பாயின்ட் அமைப்பு இந்த முரட்டுத்தனத்தை ஓரளவு பொறுத்துக்கொண்டது. மின்னணுச் சுற்று பொறுக்காது. பிளக்கின் உலோக உடல் எப்போதும் இன்ஜினுடன் உறுதியாகத் தொட்டிருக்க வேண்டும். பிளக் கழற்றிய துளைக்கு அருகில் தீப்பொறி பாய்ந்தால் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். உயர் ஆற்றல் காயிலின் அதிர்ச்சி, பாயின்ட் காயிலின் "சுரீர்" போன்றதன்று. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஓடும் இன்ஜினின் இக்னிஷன் பாகங்களைத் தொடவே கூடாது.

பிளக்கைத் திரும்பப் பொருத்துவது இன்ஜின் ஆறிய பிறகே. அலுமினிய ஹெட்டில் மரை எளிதில் கெட்டுவிடும். வாஷருடன் கூடிய 14 மி.மீ. புதிய பிளக்கைக் கையால் இறுகும் வரை திருகி, பின்னர் ஸ்பேனரால் அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று மட்டும் இறுக்கினால் போதும். ஏற்கெனவே நசுங்கிய வாஷருள்ள பழைய பிளக்குக்கு அதைவிட மிகக் குறைவாக, ஒரு சிறு திருகலே போதுமானது.

புகைச் சோதனையில் தெரியும் விலை

மிஸ்ஃபயரின் விலை பெட்ரோல் செலவோடு முடிவதில்லை. எரியாத ஒவ்வொரு முறையும் ஒரு சிலிண்டர் அளவு கலவை அப்படியே சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்கான சோதனையில் அது ஹைட்ரோகார்பன் அளவாகப் பதிவாகும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-ஆம் விதி, 2000 மார்ச் 31-க்கு முன் தயாரான இரு சக்கர வாகனங்களுக்கு, ஐட்லிங் நிலையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 9,000 பங்கு என வரம்பு வைத்துள்ளது. அதற்குப் பின் வந்த நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இவை 3.5 சதவீதமாகவும் 4,500 பங்காகவும் குறைகின்றன.

தனியார் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையுடன் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கட்டுரை பேசும் வாகனங்களில் பெரும்பாலானவை அந்த வரிசையில் நிற்பவை. மைசூருவில் ஜாவா, யெஸ்டி உற்பத்தி 1996-இல் நின்றது; அம்பாசிடர் 2014-இல் நின்றது. ஐட்லிங் நிலையில் ஹைட்ரோகார்பன் மட்டும் உயர்ந்து, கார்பன் மோனாக்சைடு வரம்புக்குள் இருந்தால், கலவையைக் காட்டிலும் மிஸ்ஃபயரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மெலிந்த கலவை, தேய்ந்த பிளக், அளவுக்கு மீறிய இடைவெளி, கசியும் வயர் ஆகிய அனைத்தும் இதே அடையாளத்தைத்தான் விட்டுச்செல்லும்.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 வாகனங்களுக்கு இந்தச் சோதனைகள் எதுவும் பொருந்தாது. அவற்றில் காயில் நிரம்பும் நேரத்தையும் தீப்பொறியின் நேரத்தையும் கணினியே தீர்மானிக்கிறது. எரியாத பெட்ரோல் வினையூக்கி மாற்றியைச் சூடேற்றி அழித்துவிடும். அந்த வாகனங்களில் கையேடு சொல்லும் பிளக்கை, அது சொல்லும் இடைவெளியில், அது சொல்லும் கிலோமீட்டரில் மாற்றுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. பழைய வண்டியில் கிட் பொருத்தியவர்கள், கழற்றிய பாயின்ட் தட்டையும் கண்டன்சரையும், கையேட்டு அளவில் இடைவெளி வைத்த ஒரு பிளக்கையும் கருவிப் பெட்டியில் போட்டு வைக்கலாம். மின்னணுப் பெட்டி கெட்டால் சாலையோரத்தில் திறந்து சரிசெய்ய அதில் எதுவும் இல்லை.